வெறும் வண்டியின் உயரம்

படைத்தவனை நினைத்துக்கொண்டு எழுத உட்காருகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனியில் என்னோடு கம்ப்யூட்டரில் வீடியோ கேம் வண்டிகள் செய்த கௌசல்யா இப்போது சென்னையில் இதே தொழிலில் பெரிய இடத்தில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். இப்போதெல்லாம் வண்டியின் உருவத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் போதுமாம். சக்கரம் எது, கதவு எது என்று அதுவே கண்டுபிடித்து, அவை அசைவதற்கான எலும்பைப் பூட்டிவிடுகிறதாம். நாங்கள் ஒரு ஜீப்புக்கு நாலு நாள் உட்கார்ந்தோம் என்று சொன்னால் அவளுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "நீங்க கையால செஞ்ச முறையை எழுதிக் குடுங்க பாய், இவுகளுக்கு வாசிக்கக் குடுக்கணும்" என்றாள்.

முறையை மட்டும் எழுதத்தான் நினைத்தேன். எழுத எழுத மற்றதும் வந்துவிட்டது. அதை அடித்துவிட்டுக் கொடுத்தால் முறையும் பாதிப் பொய்யாகிவிடும். அதனால் அப்படியே கொடுக்கிறேன்.

தொண்ணூற்றாறில் கம்பத்தில் சொந்தமாக ஜீப் ஒர்க்‌ஷாப் போட்டேன். கேரள மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் வரிசையாக ஜீப்புகள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும், சாயங்காலம் இறங்கும். ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர், இருபது பேர் என்பது அங்கே சாதாரணம். கம்பெனியிலிருந்து வந்த ஜீப் அத்தனை பேரைத் தாங்காது. பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதனால் பின்னால் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டுவோம். வண்டியின் பின்பக்கம் நாலு விரற்கடை தூக்கி நிற்கும். ஆள் ஏறினால் சமமாகிவிடும். ஸ்டாண்டில் நின்ற ஜீப்புகளில் பாதிக்குமேல் என் கையால் பட்டை போட்டவை. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டை இறுக்கும்போது பிஸ்மில்லா சொல்லித்தான் இறுக்குவேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி நூர்ஜஹானின் தம்பி அபுதாகிர் ஜீப் வாங்கினான். பழைய வண்டி. அவன் முதன்முதலாக வாங்கிய வண்டி என்பதால் எனக்கே பெருமை. எல்லா வேலையும் நானே செய்தேன். பட்டை விஷயத்தில் மட்டும் அவன் யோசித்தான். "ஒண்ணு போதும் மச்சான், ரொம்பத் தூக்கிட்டா ஸ்டியரிங் லேசாயிரும்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். இன்னொரு ஜோடிப் பட்டை சும்மா கிடந்தது. மச்சினன் வண்டியாச்சே, பாரம் நன்றாகத் தாங்கட்டும் என்று பக்கத்துக்கு இரண்டாகப் போட்டு முடித்தேன். அவன் திரும்பி வந்தபோது வண்டி தரையில் நின்றது. நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் தெருவிலிருந்து சுருளியம்மா என்ற அக்கா அந்த வண்டியில்தான் தோட்டத்துக்குப் போவார். பின்கதவு ஓரம்தான் அவர் இடம். வாந்தி வரும் என்பதால் காற்று வேண்டும். முதல் நாள் வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடம், "பாயி, மச்சினனுக்குன்னா மட்டும் குதிரையாட்டம் நிக்கவிட்டிருக்கீக. எங்களுக்கு ஏறுறதுக்கு ஏணியும் சேத்துக் குடுங்க" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், மெட்டிலிருந்து இறங்கும்போது வலது கைப்பக்கம் திரும்புகிற ஒரு வளைவில் அந்த ஜீப் இடது பக்கம் சாய்ந்து உருண்டது. மூன்று பெண்கள் இறந்தார்கள். சுருளியம்மா அதில் ஒருவர். தாகிருக்குத் தோள்பட்டை முறிந்தது, உயிர் பிழைத்தான். வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி என்று எழுதினார்கள். அது பொய் இல்லை, இரண்டும் சரியாகத்தான் இருந்தன. கூடுதல் பட்டை எல்லா வண்டியிலும் இருப்பது. அதை யாரும் ஒரு குறையாகப் பார்க்கவில்லை, நான் உட்பட. வண்டி சரியென்றால் ஓட்டியவன்மேல்தானே தப்பு? கண்மண் தெரியாமல் ஓட்டி மூன்று உயிரைக் கொன்றான் என்று கேஸ் ஆனது. தாகிர் ஒரே ஒரு வார்த்தையைத்தான் போலீஸிலும் வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொன்னான். "இருவத்தஞ்சுலதான் வந்தேன்." யாரும் நம்பவில்லை. ஜாமீனில் வந்தவனை ஸ்டாண்டில் சேர்க்கவில்லை. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். சுருளியம்மாவின் மகன் தெருவில் அவனைப் பார்த்தால் நின்று, காறித் துப்பிவிட்டுப் போவான்.

எனக்கும் அதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் படுக்க முடியவில்லை. இடுப்பு வலி என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பை மூடினேன். இடுப்பு வலித்தது உண்மைதான்.

இரண்டு வருஷம் போல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றேன். அப்போதுதான் முன்பு என்னிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தேனியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் போட்டு ஓர் ஆபீஸ் ஆரம்பித்திருந்தார். பெரியகுளம் ரோட்டில், டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல் மாடி. வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற வீடியோ கேமுக்கு இங்கிருந்து வண்டிகள் செய்து அனுப்புவது தொழில். ஜீப்பின் அடிப்பாகம் எப்படி அசையும் என்று அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். அந்த ஒரு நாள் ஆறு வருஷமானது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேமில் ஓடுகிற வண்டி முதலில் வெறும் ஓடு. பார்க்க அசலாக இருக்கும். ஆனால் சக்கரம் சுற்றாது, குழியில் இறங்கினால் உடம்பு ஆடாது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எலும்புகளைப் பூட்டி, எந்த எலும்பு எதை அசைக்கும் என்று கட்டிக் கொடுப்பதுதான் ரிக்கிங்.

முதல் நாள் அவர்கள் காட்டிய ஜீப்பில் நாலு சக்கரமும் காரைப் போலத் தனித்தனியாக ஏறி இறங்கின. நான் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி, இரண்டு முனையிலும் அழிரப்பரைச் செருகி மேசைமேல் வைத்தேன். ஒரு பக்கம் பென்சிலைக் கொடுத்துத் தூக்கினால் அடுத்த பக்கமும் சாய்ந்தது. ஜீப்புக்கு ஆக்ஸில் ஒரே குழாய், இப்படித்தான் போகும் என்றேன். அந்தக் குச்சியை நான் வேலையை விடும் வரைக்கும் மீனாட்சி மேடம் தன் மேசையில் வைத்திருந்தார்.

மீனாட்சி மேடம்தான் எங்களுக்கு மேலே. பெரியகுளத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, படுக்கையில் விழுந்த தகப்பனாருக்காகத் திரும்பி வந்தவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. செய்த வேலையைக் கொண்டுபோய்த் திறந்தால், தயிர்ச்சோற்று டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு சக்கரத்தைத் தொட்டுச் சரியாகப் பாதிச் சுற்றுத் திருப்புவார். மையம் மயிரிழை தவறியிருந்தாலும் எட்டு விழுந்த சைக்கிள் ரிம் மாதிரி சக்கரம் நெளியும். "ஆடுது" என்பார். அவ்வளவுதான். எங்கே, ஏன் என்று சொல்லமாட்டார். நாம் போய்த் திருத்தி, ஃபைல் பெயருக்குப் பின்னால் இருக்கிற எண்ணில் ஒன்று கூட்டிக் கொண்டுவர வேண்டும். என் முதல் லாரி முப்பத்தொன்றாவது எண்ணில்தான் அவர் கையைத் தாண்டியது. "பாய், லாரி வயசுக்கு வந்துருச்சு" என்றார். அவர் செய்த கேலி அது ஒன்றுதான்.

நாற்பது வயதில் மவுஸ் பிடிக்கப் பழகினேன். எலும்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் அடிக்கக் கௌசல்யா ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் கை வந்துவிட்டது.

கௌசல்யா கேட்ட முறை இது. முதலில் வண்டியின் நடு மையத்துக்கு நேர் கீழே, தரையில் ஓர் எலும்பு. அது அசைந்தால் முழு வண்டியும் அசையும். அதன்மேல் உடம்புக்கு ஓர் எலும்பு; குழியில் ஆடுவது அதுதான். பிறகு ஆக்ஸில், பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் அச்சின் நட்டநடுவில் ஒன்று. முன்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு வேண்டும்: திரும்புவதற்கு ஒன்று, அதற்குள் சுற்றுவதற்கு ஒன்று. ஒன்றையே வைத்து இரண்டையும் செய்தால் திரும்பின சக்கரம் தட்டாமாலை சுற்றும். அசல் வண்டியில் சக்கரத்தைத் திருப்புகிற கிங்பின் வேறு, ஆக்ஸில் வேறாக இருப்பது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. எல்லாம் பூட்டிய பிறகு, வண்டி சும்மா நிற்கும்போது ஒவ்வொரு எலும்பின் கணக்கும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசியாக எடைப்புள்ளி. வண்டியின் மொத்தப் பாரமும் எந்த இடத்தில் கூடுகிறதோ அங்கே ஒரு புள்ளி. அது உயர்ந்தால் வண்டி சாயும், தாழ்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் நான் செய்யமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். உயிருள்ள உருவத்தைச் செய்வது எங்கள் மார்க்கத்தில் கூடாது என்பார்கள். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். வண்டிக்கு உயிர் இல்லை, செய்யலாம், டிரைவரைச் செய்யாதீர்கள் என்றார். மேடத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சரி பாய். நீங்க சீட் வரைக்கும் செய்யுங்க. ஆளைக் கௌசல்யா உக்கார வைப்பா" என்று முடித்துவிட்டார். லுஹர் தொழ மாடிப்படித் திருப்பத்தில் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் செய்த முதல் ஜீப் திரும்பி வந்தது. கேமில் தரையில் வைத்ததுமே சக்கரங்கள் மட்கார்டுக்குள் புகுந்து நின்றனவாம். மேடம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சுட்டிக் காட்டி, இந்த அளவை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். கம்பம் ஸ்டாண்டில் டேப் வைத்து எடுத்தேன் என்றேன். வண்டியில் ஆள் இருந்தார்களா என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஸ்டாண்டில் ஜீப் என்றால் ஆள் இருக்கத்தானே செய்வார்கள்?

"பாய், நாம வெறும் வண்டியைத்தான் குடுக்கணும். பாரத்தை கேம் ஏத்திக்கிடும். நீங்க ஏத்தின பாரத்துக்கு மேல அதுவும் ஏத்துனா வண்டி எப்படி நிக்கும்?"

அன்றைக்கு பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும் வரைக்கும் யோசித்தேன். பத்து வருஷம் ஜீப்பிலேயே கிடந்தவன், வெறும் ஜீப் எந்த உயரத்தில் நிற்கும் என்று ஒரு நாளும் அளந்ததில்லை.

கடினமான வேலை மூன்று வருஷம் கழித்து வந்தது. மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. மாதிரிக்கு அவர்கள் அனுப்பிய படங்களே எங்கள் பக்கத்து ஜீப்புகள்தான். செய்து அனுப்பியதும், வளைவில் இது சாயவே மாட்டேன் என்கிறது, வெறுமையாக ஒரு நிலை, முழுப் பாரத்தோடு ஒரு நிலை என்று இரண்டாகக் கட்டிக் கொடுங்கள் என்று எழுதினார்கள். கூடவே ஒரு சோதனைப் பாதையும் அனுப்பியிருந்தார்கள். சரிவில் ஒரு வளைவு. ஸ்பிரிங்கின் விறைப்பு, உயரம், எடைப்புள்ளி, வேகம் இதையெல்லாம் எண்ணாகப் போட்டுத் தட்டினால் வண்டி தானாக இறங்கி வரும்.

"உங்க ஊரு வண்டி பாய். நீங்கதான் பாக்கணும்" என்றார் மேடம்.

பாரம் எப்படி வைப்பது? ஆள் உருவம் செய்யமாட்டேன். ஓர் ஆள் எடைக்கு ஒரு பெட்டி என்று பதினெட்டுச் சாம்பல்நிறப் பெட்டிகள் செய்தேன். டிரைவர் பக்கத்தில் மூன்று, நடுவில் ஐந்து, பின்னால் எதிரெதிராக எட்டு, பின்படியில் இரண்டு. பெட்டிகளை வைத்துக்கொண்டு வரும்போதே தெரிந்துவிட்டது, நான் எந்த வண்டியை அடுக்குகிறேன் என்று. பின்கதவு ஓரத்துப் பெட்டியை, சுருளியம்மாவின் இடம் அது, கடைசியாகத்தான் வைத்தேன்.

முதலில் கம்பெனி ஸ்பிரிங்கோடு விட்டோம். வண்டி பின்னால் தடுப்பு ரப்பரில் தட்டி உட்கார்ந்து, வளைவில் முனகிக்கொண்டு போவது போல வழுக்கி, ஓரம் உரசி நின்றுவிட்டது. கவிழவில்லை. மேடம் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆனா உங்க வண்டி இப்படி உக்காந்துக்கிட்டா போகுது? படத்துல பின்னாடி தூக்கியில்ல நிக்குது?"

"அது எக்ஸ்ட்ரா பட்டை, மேடம்."

"அப்ப அதையும் போடுங்க."

ஒரு பட்டைக்குரிய விறைப்பையும் உயரத்தையும் போட்டேன். வேகம் என்ற கட்டத்தில் என்னை அறியாமல் இருபத்தைந்து என்று அடித்திருந்தேன். வண்டி வந்தது. உள்பக்கச் சக்கரம் லேசாகத் தரையை விட்டது, மறுபடி உட்கார்ந்தது, வளைவைத் தாண்டிப் போய்விட்டது. மேடம் சரி என்று எழுந்து சாப்பிடப் போனார்.

நான் இரண்டாவது பட்டைக்குப் போட்டேன். அதே வளைவு, அதே இருபத்தைந்து. வலது பின்சக்கரம் தூக்கியது. தூக்கியது இறங்கவில்லை. வண்டி அவசரமே இல்லாமல், பாயில் படுப்பவர் போல இடது பக்கம் சாய்ந்து, உருண்டு, பாதைக்கு வெளியே போனது. பெட்டிகள் அப்படியே உள்ளே இருந்தன. நான் அவற்றைப் பூட்டியிருந்தேன் அல்லவா, அவை சிதறவில்லை. மறுபடி விட்டேன். ஏழு தடவை விட்டேன். ஏழு தடவையும் அதே சக்கரம், அதே இடம்.

மேடம் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து பின்னால் நின்று பார்த்தார். "இது ரொம்பத் தூக்கல் பாய். இப்படி யாரும் ஓட்டமாட்டாக" என்றார். நான் லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று படித் திருப்பத்துக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

அது பொம்மை. அசல் ரோட்டில் மழை இருந்தது, மண் இருந்தது. என் பட்டையால்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அல்லாஹ் அறிவான். ஆனால் இருபத்தைந்தில்தான் வந்தேன் என்று தாகிர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியில் இரண்டு பட்டை இருந்தது அவனுக்குத் தெரியாது, கோர்ட்டுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்.

அப்போது கேஸ் முடியும் கட்டத்தில் இருந்தது. என் மகளுக்கு உத்தமபாளையத்தில் நிக்காஹ் பேசி நாலு மாதத்தில் நாள் குறித்திருந்தோம். பெண்ணின் தகப்பன் பெயர் இப்படி ஒரு கேஸில் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். தாகிருக்கு நடந்தது கண்முன்னால் இருந்தது. நிக்காஹ் முடியட்டும், மறுநாளே வக்கீலிடம் போய்விடலாம் என்று ஒவ்வொரு தொழுகையிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படைத்தவனிடமே தவணை கேட்டேன்.

நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்னால் தீர்ப்பு வந்தது. ஒரு வருஷம் ஜெயில். தாகிர் என் கையைப் பிடித்து, "மருமக நிக்காஹுக்கு இருக்க முடியல மச்சான், அதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நிக்காஹ் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு நூர்ஜஹானிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

சொன்னேன். அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றதில்லை. சோறு, தண்ணீர், மருந்து எல்லாவற்றுக்கும் பேசுவாள். ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் அப்படியே இருக்கிறது.

வக்கீலிடம் போனேன். கம்ப்யூட்டரில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பொம்மை ஜீப்பைக் கோர்ட்டு ஏத்துக்கிடாது பாய். ஆனா பட்டை போட்ட ஆளே கூண்டுல ஏறி, ரெண்டு போட்டேன், ஓட்டுறவன்கிட்டச் சொல்லலன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாக. நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். அப்பீலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள்மேலேயே திரும்பலாம் என்று எச்சரித்தார். திரும்பட்டும் என்றேன். ஒன்றும் திரும்பவில்லை. அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் அவன் தண்டனையை முடித்துவிட்டான்.

சுருளியம்மாவின் மகனிடமும் போய்ச் சொன்னேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் முதல் என்னைப் பார்த்தாலும் துப்பினான். தாகிரை விட்டுவிட்டு என்மேல் துப்பினால் போதும் என்றிருந்தேன். தாகிர் வெளியே வந்த பிறகு இருவர் மேலும் துப்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தாகிர் வேகமாக வரவில்லை, தப்பு என் கையில்தான் என்று சொல்லி, பட்டை விஷயத்தை விளக்கினேன். கேட்டு முடித்ததும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நிறுத்தியிருந்த அவரவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பாண்டி என்ற டிரைவர்தான் பேசினான். "அப்ப கம்ப்யூட்டர்ல பொம்ம ஜீப்பு கவுந்துச்சுன்னு நாங்க பட்டையக் கழட்டிப்புட்டு ஆறு பேர எறக்கிவிடணுமாக்கும்? அவுகளுக்கு யாரு சோறு போடுவா, உங்க கம்ப்யூட்டரா?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் சிரிக்காமல், "ஓட்டத் தெரியாம ஓட்டுனான். அத விட்டுருங்க பாய்" என்றார்.

அப்போது விளங்கியது. என் பட்டைமேல் தப்பு என்றால் அங்கே நிற்கிற வண்டி அத்தனைமேலும் தப்பு. தாகிர்மேல் தப்பு என்றால் நாளைக் காலையில் எல்லாரும் நிம்மதியாக மெட்டு ஏறலாம். அவன் பெயரை மீட்க நான் போனேன். அவர்களுக்கு அந்தப் பெயர் அப்படியே இருக்க வேண்டியிருந்தது.

மதுரையில் ஜெயிலுக்குப் போய் தாகிரைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். சுற்றிலும் எல்லாரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பட்டை போட்டேன் என்று அந்த இரைச்சலுக்குள் மூன்று தடவை சொன்னேன். அவனுக்குக் காதில் விழுந்ததும் முகம் மாறவில்லை. வலையில் விரலைக் கோத்துக்கொண்டான்.

"ஒண்ணுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், மச்சான்" என்றான். பிறகு, "ஒத்தப் பட்டை வண்டின்னு நெனச்சுத்தான் அந்த வளைவுல கையைத் திருப்புனேன். அஞ்சு வருசமா என் கைதான் தப்புன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று கையை விரித்துக் காட்டினான்.

தேனி ஆபீஸ் இரண்டாயிரத்துப் பத்தில் மூடிவிட்டது. எனக்கும் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. வேலை அதோடு முடிந்தது. மேடம் போகும்போது அந்த விளக்குமாற்றுக் குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தாகிர் வெளியே வந்து ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். ஸ்டியரிங்கைப் பிறகு தொடவில்லை. என் வீட்டுக்கு வருவான். அக்காவைப் பார்க்க வருவான்.

அப்படி அவன் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாண்டி தன் ஜீப்பைக் கொண்டுவந்து எங்கள் சந்துக்குள் விட்டான். ஸ்டாண்டில் கேலி பேசினவன்தான். தாகிரைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினான். "எம் பொண்டாட்டியும் இப்ப இதுலதான் தோட்டத்துக்குப் போறா, பாய். எக்ஸ்ட்ரா பட்டையக் கழட்டி விட்டுருங்க. ஸ்டாண்டுல மட்டும் சொல்லிக்கிட வேணாம்" என்றான்.

பழைய சாவிகளை எடுத்தேன். என் கண்ணுக்கு நட்டு சரியாகத் தெரியவில்லை. தாகிர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் எனக்குப் பக்கத்தில் வந்து படுத்தான். ஜாக்கி போட்டு, யூ போல்ட்டைத் தளர்த்தி, பட்டைகளை நடுவில் கோத்திருந்த சென்டர் போல்ட்டை எடுத்தோம். எத்தனை வருஷத்துத் துரு. பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தட்டித் தட்டித்தான் பிரிந்தன. நான் கூடுதல் பட்டையை உருவி வெளியே தள்ளினேன். மிச்சத்தைச் சேர்த்து மறுபடி பூட்டப் போனபோது தாகிர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"எண்ணிப் பூட்டுங்க, மச்சான். எனக்குக் கேக்குற மாதிரி எண்ணுங்க."

கண் தெரியாததால் ஒவ்வொரு பட்டையாக விரலால் தடவி எண்ணினேன். சத்தமாக எண்ணினேன். எண்ணி முடிக்கும் வரைக்கும் அவன் என் கையை விடவில்லை.